பல்பு தந்த எடிசன் சிமென்ட் வீட்டில் சறுக்கியது ஏன்? நகரும் அச்சு சொல்லும் பாடம்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் யூனியன் என்று ஒரு ஊர். அங்கே இங்கர்சால் டெரஸ் என்ற சின்னத் தெருவில் பழைய வீடுகள் சில வரிசையாக நிற்கின்றன. வெளியே இருந்து பார்த்தால் சாதாரண மாடி வீடுகள்தான். ஆனால் இந்த வீடுகளில் செங்கல் கிடையாது. சுவர், தரை, மாடிப்படி, கூரை என்று எல்லாமே ஒரே கான்கிரீட். 1917-ல் இரும்பு அச்சுக்குள் கலவையை ஊற்றி, இட்லி எடுப்பது போல முழு வீட்டையும் வார்த்து எடுத்தார்கள்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் தாமஸ் ஆல்வா எடிசன். ஆமாம், பள்ளிக்கூடப் புத்தகத்தில் பல்போடு நிற்கும் அதே எடிசன்தான்.

லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு இப்படி வீடு கொடுக்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். கடைசியில் தேறியது சில தெருக்கள் மட்டுமே. அதே காலத்தில், அதே நாட்டில், எடிசன் அளவுக்குப் புகழ் இல்லாத சில கட்டுமானக்காரர்கள் கான்கிரீட்டை வேறு விதமாக வார்க்கத் தொடங்கினார்கள். அந்த முறை இன்று உலகம் முழுக்க வானுயரக் கோபுரங்களைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எல்லாம் சென்ட்ரிங்கில் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

பல்புக்குப் பிறகு என்ன செய்தார் எடிசன்?

1847 பிப்ரவரி 11 அன்று ஒஹையோ மாநிலத்தின் மிலன் நகரில் பிறந்தவர் எடிசன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சிறு வயதிலேயே காது மந்தம். ரயிலில் பேப்பர் விற்றார், தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்தார். 1877-ல் ஒலியைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப், 1879-ல் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கு, 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் என்று வரிசையாகச் சாதித்தார். அமெரிக்காவில் மட்டும் அவர் பெயரில் 1,093 காப்புரிமைகள் உண்டு.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. 1890-களில் அவர் வாழ்க்கை எப்படிப் போனது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அப்போது எடிசனுக்கு இரும்பு மேல் ஆசை வந்தது. நியூ ஜெர்சியின் ஆக்டன் மலைப்பகுதியில் இரும்புத்தாது உண்டு, ஆனால் தரம் குறைவு. பாறையை ராட்சத உருளைகளில் நசுக்கிப் பொடியாக்கி, காந்தத்தைக் காட்டி இரும்பை மட்டும் பிரித்து எடுத்தால் என்ன என்று யோசித்தார். யோசித்ததோடு விடவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் தனக்கு இருந்த பங்குகளை விற்று அந்த மலையில் கொட்டினார்.

எந்திரங்கள் ஓடின, பாறையும் உடைந்தது. ஆனால் மினசோட்டா மாநிலத்தின் மெசாபி பகுதியில் தரமான தாது மலிவாகத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. இரும்பு விலை சரிந்தது. 20 லட்சம் டாலருக்கும் மேல் போட்ட பணம் கையை விட்டுப் போச்சு. நூற்றாண்டு முடிவதற்குள் ஆக்டன் ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

மினசோட்டாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அது மறுபடியும் வரும்.

மணல் காட்டிய வழி

பாறையை நசுக்கியதில் இரும்பு போக மிச்சமான நுண்மணல் மலைபோலக் குவிந்திருந்தது. அதைச் சிமென்ட் தயாரிப்பாளர்கள் விலைக்கு வாங்கிப் போனார்கள். எடிசன் இதைக் கவனித்தார். பாறை உடைக்கும் எந்திரம் இருக்கிறது, பொடியாக்கும் அனுபவம் இருக்கிறது, நாமே சிமென்ட் தயாரித்தால் என்ன?

1899-ல் எடிசன் போர்ட்லாண்ட் சிமென்ட் கம்பெனி பிறந்தது. நியூ ஜெர்சியின் நியூ வில்லேஜ் என்ற இடத்தில் ஆலை எழுந்தது. மொத்த ஆலையின் வரைபடத்தையும் ஒரே நாளில் உட்கார்ந்து போட்டு முடித்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே எடிசன் செய்த முக்கியமான மாற்றம் சூளையில்தான். சிமென்ட் சூளை என்பது லேசாகச் சாய்த்து வைத்த நீளமான இரும்புக் குழாய். அது மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கும். மேல்முனையில் பொடித்த சுண்ணாம்புக்கல்லைப் போட்டால், அது உருண்டு உருண்டு கீழே இறங்கும். கீழ்முனையில் நிலக்கரித் தூள் எரியும். அந்தச் சூட்டில் வெந்து, கிளிங்கர் என்ற கட்டியாக வெளியே வரும். அதை அரைத்தால் சிமென்ட்.

அந்தக் காலத்தில் இந்தச் சூளைகள் ஏறத்தாழ 60 அடி நீளம்தான். எடிசன் 150 அடிக்கு நீட்டினார். துறைக்காரர்கள் நம்பவில்லை. ஆனால் அது வேலை செய்தது. சரக்கு அதிக நேரம் சூட்டில் இருந்ததால் உற்பத்தி கூடியது, எரிபொருள் மிச்சமானது. பிறகு மற்ற கம்பெனிகளும் உரிமம் வாங்கி இதே நீளச் சூளைகளைப் போட்டன. விளைவு, சந்தையில் சிமென்ட் குவிந்து விலை குறைந்தது. எடிசனின் கண்டுபிடிப்பே எடிசனின் லாபத்தைத் தின்றது.

இதற்கு மனித உயிர்களும் விலையாகப் போயின. 1903-ல் ஆலையின் நிலக்கரி அரைக்கும் பகுதியில் வெடிவிபத்து நடந்து தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கக் காலம் பிடித்தது.

சிமென்ட் இருக்கிறது, வாங்க ஆள் வேண்டும். அங்கேதான் வீடு பற்றிய யோசனை வந்தது.

ஒரே ஊற்றில் ஒரு வீடு

1906-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருந்தில் எடிசன் தன் திட்டத்தை அறிவித்தார். அப்போது அவருக்கு 59 வயது. நகரங்களில் தொழிலாளர் குடும்பங்கள் இருட்டான, நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடந்த காலம் அது. தீ விபத்தும் நோயும் அங்கே சகஜம். அவர்களுக்கு எரியாத, கரையான் அரிக்காத, கழுவினால் சுத்தமாகும் வீட்டை 1,200 டாலருக்குத் தர முடியும் என்றார். கொத்தனாரும் தச்சரும் மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டாம். அச்சை நிறுத்தி, கலவையை ஊற்றி, காய்ந்ததும் அச்சைக் கழற்றினால் போதும்.

இதில் தனக்கு லாபம் வேண்டாம் என்றும் சொன்னார். தகுதியான கட்டுமானக்காரர்கள் வந்தால் காப்புரிமையை இலவசமாகவே தரத் தயாராக இருந்தார். 1908 ஆகஸ்ட்டில் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கிடைத்தது 1917 மார்ச்சில்.

நியூ ஜெர்சியில் கிளென்மான்ட் என்ற தன் வீட்டு வளாகத்திலேயே கார் நிறுத்தும் கட்டடத்தையும் தோட்டக்காரர் வீட்டையும் கான்கிரீட்டில் வார்த்துப் பார்த்தார். அவை இப்போது தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாக உள்ளன.

ஆனால் முழு வீட்டை ஒரே ஊற்றில் வார்ப்பது அவ்வளவு ஈஸியா?

சென்ட்ரிங்கில்தான் சிக்கல்

வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். கான்கிரீட் போடும்போது கம்பி, ஜல்லி, சிமென்ட் செலவு ஒரு பக்கம் என்றால், சென்ட்ரிங் செலவு இன்னொரு பக்கம். பலகை அடிக்க வேண்டும், முட்டுக் கொடுக்க வேண்டும், இடுக்கு அடைக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கான்கிரீட்டுக்கு என்று தனி உருவம் கிடையாது. எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோமோ அதுதான் அதன் உருவம். அதனால் கான்கிரீட் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் பலகையிலோ இரும்பிலோ அதே கட்டடத்தை ஒரு முறை கட்ட வேண்டியிருக்கிறது.

எடிசன் இதைத்தான் மொத்தமாகச் செய்தார். முழு வீட்டுக்கும் வார்ப்பிரும்பில் அச்சு. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நடுவில் இருக்கும் இடைவெளிதான் சுவர். தரை, படிக்கட்டு, கணப்பு அடுப்பின் அலங்காரம், குளியல் தொட்டி வரை அச்சில் இருந்தது. இந்த அச்சுக்கு 2,300-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிறகு கூரைக்கு மேலே உள்ள தொட்டிக்குக் கலவையை ஏற்றி, அங்கிருந்து வழிய விட வேண்டும். அது எல்லாச் சந்துபொந்துகளிலும் இறங்கி நிரம்ப வேண்டும்.

இங்கே இரண்டு பிரச்சினைகள் வந்தன.

முதலாவது, ஜல்லி. கலவை தண்ணீர் போல ஓட வேண்டும் என்றால் நீர்க்க இருக்க வேண்டும். நீர்க்க இருந்தால் ஜல்லி அடியில் தங்கிவிடும். இதற்கு எடிசன் ஒரு வழி கண்டுபிடித்தார். களிமண் போன்ற நுண்பொருளைக் கலவையில் சேர்த்தார். அது ஜல்லியை மிதக்க வைத்தபடியே கொண்டு போனது. கலவையை ஓட விடும் இந்த யோசனை அவருடைய காலத்துக்கு முந்தியது என்றே சொல்லலாம்.

இரண்டாவது, அழுத்தம். ஒரு கன மீட்டர் ஈரக் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ எடை. அடித்தளத்திலிருந்து கூரை வரை 9 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இறுகுவதற்கு முன் மொத்தத்தையும் ஊற்றினால், அடியில் இருக்கும் அச்சின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 20 டன்னுக்கு மேல் வெளியே தள்ளும். பலகை தாங்காது. இரும்புதான் வேண்டும். இரும்பு என்றால் எடை. எடை என்றால் பணம்.

எவ்வளவு பணம்? ஒரு கட்டுமானக்காரர் முதல் வீட்டை ஊற்றுவதற்கு முன்பே அச்சுக்கும் கருவிகளுக்கும் குறைந்தது 1,75,000 டாலர் போட வேண்டியிருந்தது என்று வரலாற்றுப் பதிவுகள் சொல்கின்றன. கணக்கு போட்டுப் பாருங்க. வீட்டின் விலை 1,200 டாலர். அச்சின் விலைக்குக் கிட்டத்தட்ட 146 வீடுகளையே வாங்கிவிடலாம். நூற்றுக்கணக்கான வீடுகளை வார்த்து விற்றால்தான் முதல் தேறும். வீடு விற்குமா என்றே தெரியாத நிலையில் யார் இவ்வளவு பணத்தை முடக்குவார்?

அதே நேரத்தில் மினசோட்டாவில்

இனி கதை எடிசனின் இரும்புத் தொழிலைக் கவிழ்த்த அதே மினசோட்டாவுக்குப் போகிறது.

மினியாபொலிஸ் நகரம் கோதுமை வியாபாரத்துக்குப் பெயர் போனது. அங்கே ஃபிராங்க் பீவி என்று பெரிய தானிய வியாபாரி ஒருவர் இருந்தார். அப்போது தானியக் களஞ்சியங்கள் மரத்தில்தான் கட்டப்பட்டன. தானியத் தூசி பற்றிக்கொண்டால் களஞ்சியம் மொத்தமும் சாம்பல். காப்பீட்டுச் செலவோ தலைக்கு மேல். இதற்கு மாற்றுத் தேடி, சார்லஸ் ஹாக்லின் என்ற கட்டுமானக்காரரிடம் பீவி ஒரு வேலையை ஒப்படைத்தார். கான்கிரீட்டில் வட்டமான களஞ்சியம் கட்ட முடியுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

1899-லும் 1900-லும் செயின்ட் லூயிஸ் பார்க் என்ற இடத்தில் அந்தக் கோபுரம் எழுந்தது. உள்விட்டம் 20 அடி, உயரம் சுமார் 125 அடி. ஊர்க்காரர்கள் இதைப் பீவியின் கிறுக்குத்தனம் என்று கேலி பேசினார்கள். தானியத்தை நிரப்பி, பிறகு வெளியே எடுக்கும்போது கோபுரம் வெடித்துவிடும் என்று பயந்தவர்களும் உண்டு. ஒன்றும் ஆகவில்லை. கோபுரம் இன்றும் அப்படியே நிற்கிறது.

ஹாக்லின் 125 அடி உயரத்துக்கும் அச்சு செய்யவில்லை. இரும்புப் பட்டைகளால் இறுக்கிய மர வளையம் போன்ற அச்சை வைத்தார். அதில் ஊற்றிய கான்கிரீட் இறுகியதும், அதே வளையத்தை மேலே ஏற்றி, மறுபடி ஊற்றினார். ஒரே அச்சு மேலே மேலே ஏறிப் போனது.

அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் களஞ்சியக் கட்டுமானக்காரர்கள் இதை இன்னொரு படி மேலே கொண்டு போனார்கள். நிறுத்தி நிறுத்தி ஏற்றுவதற்குப் பதிலாக, நிறுத்தாமலேயே அச்சை நகர்த்தினார்கள். இதுதான் ஸ்லிப்ஃபார்ம் என்ற நகரும் அச்சு முறை.

நகரும் அச்சு எப்படி வேலை செய்கிறது?

சுவரின் இரு பக்கமும் சுமார் 4 அடி உயரத்துக்கு மட்டும் அச்சுப் பலகை. இரண்டையும் மேலே ஒரு இரும்புச் சட்டம் பிடித்திருக்கும். சுவருக்கு நடுவே செங்குத்தாகக் கம்பிகள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஜாக்கிகள். ஆரம்பத்தில் இவை கையால் திருகும் ஜாக்கிகள். விசில் அடித்ததும் ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திருக வேண்டும்.

மேலே கலவையை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அச்சு மணிக்கு 20, 30 சென்டிமீட்டர் அளவில் மெதுவாக ஏறும். மேலே ஊற்றிய கலவை அச்சின் அடிப்பகுதிக்கு வருவதற்குள் சில மணி நேரம் ஓடியிருக்கும். அதற்குள் அது தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அச்சு விலகும்போது அடியில் புதுச் சுவர் வெளியே தெரியும். அச்சுக்குக் கீழே தொங்கும் சாரத்தில் நிற்கும் கொத்தனார்கள் அந்த ஈரம் காயாத சுவரைத் தேய்த்துச் சரி செய்வார்கள்.

கம்பி கட்டுபவர், கலவை போடுபவர், மட்டம் பார்ப்பவர், சுவர் தேய்ப்பவர் என்று எல்லோரும் ஒரே மேடையோடு சேர்ந்து மேலே போவார்கள். இரவு பகல் பார்க்காமல் ஷிஃப்ட் போட்டு வேலை நடக்கும். நடுவில் நிறுத்தினால் கான்கிரீட் அச்சோடு ஒட்டிக்கொள்ளும், சுவரில் இணைப்புக் கோடு விழும்.

இப்போது எடிசனின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்க. 100 அடிக் கோபுரத்தை எடிசன் முறையில் வார்க்க 100 அடிக்கும் அச்சு வேண்டும். நகரும் முறையில் 4 அடி போதும். அதாவது 25-ல் ஒரு பங்கு. அச்சுக்குள் எப்போதும் 4 அடிக் கலவைதான் இருக்கும். அதிலும் கீழ்ப்பாதி பாதி இறுகியது. எடிசன் வீட்டில் 20 டன்னாக இருந்த அழுத்தம் இங்கே 3 டன்னைக்கூடத் தாண்டாது. அதனால்தான் அந்தக் காலத்துக் கட்டுமானக்காரர்கள் மரப் பலகையை வைத்தே இதைச் சமாளித்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. தன் சிமென்ட் சூளையில் எடிசன் செய்ததும் கிட்டத்தட்ட இதேதான். சரக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்போதே வேகிறது. நிறுத்துவது கிடையாது. சிமென்ட் தயாரிப்பில் நிற்காத ஓட்டத்தின் பலனைப் பார்த்தவர், வீட்டு விஷயத்தில் மட்டும் அச்சை அசையாமல் நிறுத்தினார்.

இதற்காக எடிசனை மட்டும் குறை சொல்ல முடியாது. தானியக் களஞ்சியத்தின் சுவர் அடியிலிருந்து நுனி வரை ஒரே மாதிரி. வீடு அப்படி இல்லை. தரை குறுக்கே வரும், ஜன்னல் வரும், படி வளையும். நகரும் அச்சுக்கு ஏற்ற உருவம் அது அல்ல. எடிசன் எடுத்துக்கொண்ட கணக்கே கஷ்டமான கணக்கு.

பியானோவும் தீ விபத்தும்

எடிசன் சும்மா இருக்கவில்லை. வீட்டோடு நிற்காமல் வீட்டுச் சாமான்களையும் கான்கிரீட்டில் செய்யலாம் என்று 1911-ல் கிளம்பினார். காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட்டில் கட்டில், அலமாரி, பியானோ கூடச் செய்யலாம் என்றார். கான்கிரீட்டில் செய்த ஃபோனோகிராஃப் பெட்டிகளை, எவ்வளவு வேண்டுமானாலும் முரட்டுத்தனமாகக் கையாளலாம் என்ற அறிவிப்போடு ரயிலில் அனுப்பிச் சோதித்தார். அவை காட்சிக்கு வரவே இல்லை. வழியில் உடைந்திருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பத்திரிகைகளுக்குச் சிரிக்க நல்ல விஷயம் கிடைத்தது.

1914 டிசம்பர் 9 அன்று மாலை நிலைமை சீரியஸானது. வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த எடிசனின் தொழிற்சாலையில், சினிமா ஃபிலிம் வைத்திருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. அந்தக் கால ஃபிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். ரசாயனங்களும் சேர்ந்துகொள்ள, தீ கட்டடம் கட்டடமாகத் தாவியது. அங்கே இருந்தவற்றில் பல கான்கிரீட் கட்டடங்கள். தீ அண்டாது என்ற நம்பிக்கையில் காப்பீடு குறைவாகவே எடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த சரக்கும் எந்திரமும் எரிந்து போயின.

ஆனால் விடிந்ததும் ஒன்று தெரிந்தது. கான்கிரீட் தூண்களும் தளங்களும் பெரும்பாலும் விழாமல் நின்றன. சேதமான இடங்களைச் சரிசெய்து அதே கட்டடங்களில் மறுபடி வேலை தொடங்கினார்கள். 67 வயதில் எடிசன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கட்டடம் எரியாது என்று அவர் சொன்னது சரி. கட்டடத்துக்குள் இருப்பது எரியும் என்பதை அன்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

கடைசியில் வீடு வந்தது, வாங்க ஆள்?

1917-ல்தான் யூனியன் நகரின் அந்தத் தெரு உருவானது. பணம் போட்டவர் சார்லஸ் இங்கர்சால். ஒரு டாலர் பாக்கெட் கடிகாரத்தைச் சாமானியர் பைக்குக் கொண்டு சேர்த்த கம்பெனியின் சகோதரர்களில் ஒருவர். கடிகாரத்தில் செய்ததை வீட்டிலும் செய்யலாம் என்று நம்பினார். ஃபிராங்க் லாம்பி என்ற கட்டுமானக்காரர் எடிசன் வழியில் வார்த்துக் கொடுத்தார். இதற்கு அவர் பயன்படுத்தியது எடிசனின் அலங்கார அச்சை விட எளிமையான இரும்பு அச்சு. பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அச்சில் வார்த்த வீடுகள் எல்லாம் ஒரே முகமாக இருந்தன. இன்னொரு காரணமும் இருந்தது. சேரியிலிருந்து ஏழைகளை மீட்கும் வீடு என்றுதான் இந்தத் திட்டம் பத்திரிகைகளில் வந்திருந்தது. அந்த முத்திரை விழுந்த வீட்டில் குடியேற யாருக்கு மனம் வரும்? மலிவு என்பது விலையில் இருக்கலாம், வாங்குபவர் முகத்தில் எழுதி ஒட்டக் கூடாது. இதை எடிசன் தரப்பு யோசிக்கவே இல்லை.

எடிசனின் சிமென்ட் வேறு இடங்களுக்குப் போனது. 1912-ல் ஆலைக்கு அருகே கான்கிரீட் சாலை போடப்பட்டது. 1923-ல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட பழைய யாங்கி ஸ்டேடியம் எழுந்ததும் எடிசன் சிமென்ட்டில்தான். உலகப் புகழ் பெற்ற பேஸ்பால் மைதானம் அது. வீட்டுக்குப் போக வேண்டிய சிமென்ட் விளையாட்டு மைதானத்துக்குப் போனது.

1931 அக்டோபர் 18 அன்று எடிசன் காலமானார். வயது 84. இறுதிச் சடங்கு நடந்த அன்று இரவு, அதிபர் ஹூவரின் வேண்டுகோளை ஏற்று அமெரிக்கர்கள் சிறிது நேரம் விளக்குகளை அணைத்தார்கள். நாடு நினைவுகூர்ந்தது பல்பைத்தான். கான்கிரீட் வீட்டை அப்போதே பெரும்பாலானவர்கள் மறந்திருந்தார்கள்.

நகரும் அச்சு எங்கே போய்ச் சேர்ந்தது?

1940-களில் ஸ்வீடனில் கையால் திருகும் ஜாக்கிகளுக்குப் பதில் ஹைட்ராலிக் ஜாக்கிகள் வந்தன. ஒரே பம்பிலிருந்து எல்லா ஜாக்கிகளும் ஒரே சீராக ஏறின. அதன் பிறகு உயரத்துக்கு எல்லை இல்லாமல் போச்சு.

கனடாவின் டொரண்டோவில் உள்ள சிஎன் கோபுரம் இதற்கு நல்ல உதாரணம். மொத்த உயரம் 553 மீட்டர். 1973-ல் வேலை தொடங்கியது. அதன் கான்கிரீட் தண்டு நகரும் அச்சில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வளர்ந்தது. மேலே போகப் போக அச்சையே சுருக்கிச் சுருக்கிக் கோபுரத்தை ஒல்லியாக்கினார்கள். நேராக ஏறுகிறதா என்று பார்க்க நவீனக் கருவிகளோடு, நம்ம கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டையும் பெரிய அளவில் தொங்கவிட்டார்கள். கடைசியில் நேர்கோட்டிலிருந்து விலகியது வெறும் 29 மில்லிமீட்டர்.

நார்வேயின் ட்ரோல் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் ராட்சதக் கான்கிரீட் கால்களும் இதே முறையில் வளர்ந்தவை. மொத்த உயரம் 472 மீட்டர். 1995-ல் கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அச்சு மேலே மட்டும்தான் போகும் என்றில்லை. படுக்கைவாட்டில் நகரும் அச்சு எந்திரங்கள் கான்கிரீட் சாலையைப் பாய் விரிப்பது போலப் போட்டுக்கொண்டே போகின்றன.

ஆனால் ஏறும் அச்சு முறைகள் எல்லாமே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. கீழே இருக்கும் கான்கிரீட் போதுமான அளவு இறுகியிருக்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 1978 ஏப்ரல் 27 காட்டியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் அனல்மின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்தது நிற்காமல் நகரும் அச்சு அல்ல, கட்டம் கட்டமாகத் தூக்கி வைக்கும் அச்சு. அச்சும் சாரமும் ஏற்கெனவே ஊற்றிய சுவரிலேயே மாட்டியிருந்தன. முந்தைய நாள் ஊற்றிய கான்கிரீட் போதிய வலு பெறவில்லை. சுவரின் மேல்பகுதி உரிந்து விழ, சாரத்தில் நின்ற 51 தொழிலாளர்களும் இறந்தார்கள்.

அதனால்தான் இன்று அச்சு நகரும் வேகத்தைத் தீர்மானிப்பது ஜாக்கி அல்ல, கான்கிரீட். வெயில் என்றால் சீக்கிரம் இறுகும், குளிர் என்றால் தாமதமாகும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அச்சை ஏற்ற வேண்டும்.

எடிசன் தோற்றாரா?

இல்லை என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. இன்று இந்தியாவின் பெரிய அடுக்குமாடித் திட்டங்களில் அலுமினிய அச்சு முறை பரவலாகப் பயன்படுகிறது. ஒரு தளத்தின் சுவர், கூரை எல்லாவற்றுக்கும் அலுமினியப் பலகைகளைப் பூட்டி, ஒரே ஊற்றில் வார்த்துவிடுகிறார்கள். சில நாளில் கழற்றி, அதே பலகைகளை ஆட்கள் கையாலேயே மேல் தளத்துக்கு ஏற்றி மறுபடி பூட்டுகிறார்கள். செங்கல் கிடையாது, பூச்சு வேலையும் குறைவு. எடிசன் 1906-ல் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்.

இப்போது அது கட்டுப்படியாவது எப்படி? அலுமினியம் இரும்பை விட எடை குறைவு. 9 மீட்டரை மொத்தமாக ஊற்றாமல் ஒரு தளத்தை மட்டும் ஊற்றுவதால் அழுத்தமும் குறைவு. எல்லாவற்றையும் விட, ஒரே மாதிரி தளங்கள் 20, 30 என்று அடுத்தடுத்து இருப்பதால் அதே அச்சு திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. எடிசன் காலத்தில் அச்சை வாங்குபவருக்கு அடுத்த வீட்டுக்கான ஆர்டர் கையில் இல்லை.

ஆக, நகரும் அச்சானாலும் கழற்றிப் பூட்டும் அச்சானாலும் விதி ஒன்றுதான். அச்சு சும்மா நிற்கக் கூடாது. அது வேலை செய்துகொண்டே இருந்தால்தான் கான்கிரீட் மலிவாகும். எடிசனின் இரும்பு அச்சு பெரும்பாலும் வேலைக்காகக் காத்துக்கொண்டே கிடந்தது.

இங்கர்சால் டெரஸில் அந்த வீடுகள் நூறாண்டு தாண்டி இன்னும் நிற்கின்றன. குடும்பங்கள் குடியிருக்கின்றன. வீடு உறுதியாக இருக்கும், எரியாது, நீடிக்கும் என்று எடிசன் சொன்ன எல்லாமே சரிதான். ஊற்றுவதற்கு முன் அச்சுக்கு யார் பணம் கொடுப்பது என்ற ஒரு கேள்விக்கு மட்டும்தான் அவரிடம் பதில் இல்லை.